மிலிட்டரிக்காரர்கள் திண்ணையில் முதல் மாடல்: புதிதாக வருகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் பழைய வீடு ஒன்றின் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் முன்னாள் படைவீரர்கள். நான் தரைப்படையில் வண்டிகளைப் பழுதுபார்த்தவன். மற்றவர்களில் விமானப்படை ஃபிட்டர் ஒருவர், கப்பலின் எஞ்சின் அறையிலேயே காலம் கழித்தவர் ஒருவர், சிக்னல்ஸ் சுபேதார் ஒருவர், மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர் ஒருவர். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி விமானங்களையும் டாங்கிகளையும் கப்பல்களையும் சிறிய அளவில் கட்டுவது எங்கள் பொழுதுபோக்கு. இதைக் கற்றுக்கொள்ள ஆசையோடு வந்து, இரண்டாவது வாரமே காணாமல் போனவர்கள் உண்டு. காரணம் இரண்டுதான்: வாங்கி வந்த பெட்டி கைக்கு மிஞ்சியதாக இருக்கும், அல்லது எங்கள் வாய் காதுக்கு மிஞ்சியதாக இருந்திருக்கும். இரண்டையும் சமாளிப்பதற்கு இந்த வழிகாட்டி.

முதலில் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை அதற்குள்ளேயே இருக்கிறது. படையில் பயிற்சி கொடுப்பவர் பாராட்டிக் கற்றுக்கொடுப்பதில்லை. கிண்டல் செய்து கற்றுக்கொடுப்பார். அந்தப் பழக்கம் பென்ஷன் வாங்கிய பிறகும் போவதில்லை. “தம்பி, இறக்கை என்ன சலாம் வைக்குதா?” என்று ஒருவர் கேட்டால், இடப்பக்க இறக்கை வலப்பக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கிறது, பசை காய்வதற்குள் சரிசெய் என்று பொருள். சிரிப்பை விட்டுவிட்டு அதில் உள்ள அளவை மட்டும் பிடித்துக்கொள்கிறவர் ஆறே மாதத்தில் நன்றாகக் கட்டத் தொடங்கிவிடுகிறார்.

முதல் நாள் வரவேற்பு

வணக்கம் சொல்லிவிட்டு, எந்தப் படை என்று தெரியாதவரைக்கும் எல்லோரையும் ‘சார்’ என்றே அழையுங்கள். பழகியபின் ‘அண்ணே’ போதும். உங்களை ‘தம்பி’ என்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பைச் சேர்ந்த வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைப்பது படையில் நெடுநாளைய மரபு என்பதால், திண்ணையில் யார் ‘தம்பி’ என்று கூப்பிட்டாலும் எழுபது வயதைத் தாண்டிய எங்கள் சாப்பரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். “உன்னை இல்லப்பா, சின்னத் தம்பியை” என்று சொல்ல வேண்டிவரும்.

மூன்று படைக்காரர்களும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும்போது நடுவில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏசி அறையிலிருந்து போர் செய்தவர்கள் என்று விமானப்படையைத் தரைப்படை சொல்லும். நடந்தே ஊர் சுற்றிப் பார்த்தவர்கள் என்று தரைப்படையை விமானப்படை சொல்லும். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது என்று கப்பற்படை முடித்துவைக்கும். இது அவர்கள் முப்பது ஆண்டுகளாகப் பாடிவருகிற எசப்பாட்டு. கேட்டுக்கொண்டு காபி குடிக்கலாம்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

போன ஆண்டு மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த கல்லூரி மாணவர் ஒருவர், பையிலிருந்து 1/72 அளவில் நாட் விமானப் பெட்டியை எடுத்து வைத்தார். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் தன்னந்தனியாக எதிரி விமானங்களை எதிர்கொண்டு வீழ்ந்து, விமானப்படையின் ஒரே பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டிய விமானம் நாட் என்று படித்து, அதைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். எங்கள் ஃபிட்டர் பெட்டியின் மூடியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தில் இருந்தது பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் சிவப்பு நாட், அதாவது இருவர் அமரும் பயிற்சி விமானம். நம் விமானப்படை வைத்திருந்ததோ ஒருவர் அமரும் போர் விமானம்.

“செகோன் சார் தனியாத்தானே போனார்? பின்சீட்டில் இருக்கிற ஆள் யாரு, கேன்டீன் கான்ட்ராக்டரா?” என்றார் ஃபிட்டர்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தக் கேலியில் இருந்த பாடம் பெரியது: பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், எந்த ரகம், எந்த ஆண்டு, எந்தப் படை என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரே பெயரில் இருக்கை எண்ணிக்கை, மூக்கின் நீளம், பீரங்கியின் அளவு எல்லாம் மாறும். 1971இல் நம்மிடமிருந்த டி-55 டாங்கியின் பீரங்கி 100 மில்லிமீட்டர். பிற்காலத்தில் அதே டாங்கிகளில் 105 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தினார்கள். எந்த ஆண்டின் டாங்கியைக் கட்டுகிறோம் என்று தெரியாமல் குழாயை ஒட்டினால், சுபேதார் அதைக் கண்டுபிடிக்க மூன்று வினாடிகூட ஆகாது.

அளவைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கணக்கே போதும். 1/72 என்றால் உண்மையில் 72 அங்குலம் இருப்பது மாடலில் ஒரு அங்குலம். ஆறடி ஆள் ஓர் அங்குல உயரத்தில் நிற்பார். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்; அதே அளவில் கட்டினால் சரியாக மூன்றடி. திருவாரூர் ஆழித்தேரின் 96 அடி, ஓர் அடி நான்கு அங்குலமாகிவிடும். இருவர் அமரும் நாட்டின் இறக்கை விரிவு 24 அடி என்பதால், மாடலில் நான்கே அங்குலம், உள்ளங்கையில் அடங்கும். டாங்கிகளுக்கு 1/35 என்பது வழக்கமான அளவு. கப்பல்களுக்கு 1/700, 213 மீட்டர் நீளமுள்ள பழைய விக்ராந்த் அந்த அளவில் முப்பது சென்டிமீட்டர் வரும். அதையே 1/72இல் கட்டினால் ஏறக்குறைய மூன்று மீட்டர், கப்பலைத் திண்ணையில் வைத்துவிட்டு நாங்கள் தெருவில்தான் உட்கார வேண்டும்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருப்பதால், தலைக்கு மேல் பறப்பதையே கட்ட வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அது நல்ல ஆசைதான், ஆனால் முதல் மாடலுக்கு ஆகாது. பாகங்கள் மிக அதிகம், 1/72இலேயே ஓர் அடி நீளம் வரும். ஐம்பது பாகங்களுக்குள் முடிகிற சின்ன விமானமோ, பச்சை நிறத்தில் ஒரு டாங்கியோ எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் சேறும் பல பாவங்களை மறைக்கும். வெள்ளி நிறம் எதையும் மறைக்காது. உலோகப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் ஊருக்கே தெரியும்.

கருவிகள்

ஆரம்பத்திலேயே பெரிய தொகையைக் கொட்ட வேண்டாம். பத்தர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போனால் சாமணம், நுண் அரம், பூதக்கண்ணாடி மூன்றும் நல்ல தரத்தில் கிடைக்கும். கூரான நிப்பர், பிளேடு மாற்றக்கூடிய கத்தி, 400, 800, 1000 எண்களில் உப்புத்தாள், துணி மாட்டும் கிளிப்புகள், ரப்பர் பேண்டு, இவை போதும். வண்ணம் கலக்கத் தட்டு வாங்காதீர்கள். எங்களிடம் காலியான மாத்திரை அட்டைகள் ஏராளம். பிரஷர் மாத்திரை இருந்த ஒவ்வொரு குழியும் ஒரு துளி வண்ணம் பிடிக்கிற அளவு. “அரசாங்கம் மாத்திரை தருவதே மாடலுக்குத்தான்” என்பார் கப்பற்படைக்காரர். வண்ணத்தைக் கலக்கவும், சிறு பாகத்தைக் குத்திப் பிடித்துத் தீட்டவும் ஈர்க்குச்சியை மிஞ்சியது எதுவும் இல்லை.

வெட்டுதலும் வெள்ளோட்டமும்

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்தபடி வரும். வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், சட்டத்தோடு அப்படியே பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பின்னர் தேவைப்படும் பாகத்தை மட்டும் அவ்வப்போது வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிக் குவித்தால் எண்கள் சட்டத்தோடு போய்விடும், எது எங்கே என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். இரண்டு முறை வெட்ட வேண்டும்: முதல் வெட்டு பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டாவது வெட்டு நெருக்கி. ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். மிஞ்சிய முளையை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள்.

அடுத்து வருவதை எங்கள் திண்ணையில் ‘வெள்ளோட்டம்’ என்கிறோம். தேருக்குச் செய்வதுதான் இங்கும்: பசை தொடாமல் பாகங்களைச் சேர்த்து, டேப் ஒட்டி, நாலா பக்கமும் திருப்பிப் பார்ப்பது. எங்கே இடைவெளி, எங்கே உரசல், எந்த முளை எந்தத் துளையில் நுழைய மறுக்கிறது என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். முழு மாடலில் தவறுகள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாவியதால் வருபவை. ஆடி மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள், கதவையும் சாத்துங்கள். அம்மியைப் பறக்கவைக்கிற காற்றுக்கு அரை அங்குல ஏர்பிரேக் பாகம் ஒரு பொருட்டில்லை.

மூக்கில் ஈயம்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். மூக்குக்கு அடியில் ஒரு சக்கரமும் இறக்கைக்கு அடியில் இரண்டு சக்கரங்களுமாக நிற்கும் விமானங்களில், மாடலின் எடை பின்பக்கம் சாய்ந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன் மூக்குக்குள் எடை வைத்தே ஆக வேண்டும். தூண்டில் சாமான் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகள் இதற்குப் பொருத்தம். நசுக்கி, சூப்பர் குளூ விட்டு, மூக்கின் நுனிவரை தள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும். எவ்வளவு ஈயம் என்பதைப் பாகங்களை டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து விமானத்தை அதன்மேல் நிறுத்திப் பாருங்கள். மூக்கு தானாகத் தாழ வேண்டும்.

என் முதல் மிக்-21இல் நான் இதை மறந்தேன். மூன்று வார வேலை முடிந்து, மேசைமேல் வைத்ததும், அது மெல்ல வாலை ஊன்றி உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. “டேக் ஆஃப் ஆகிறதுக்கு உத்தரவு கேட்கிறது” என்றார் ஃபிட்டர். “மேலே பார்த்து நிற்கிறதைப் பார்த்தால் கிளம்பியே போயிடுச்சு போலிருக்கு” என்றார் சுபேதார். இன்றும் அந்த மிக்கின் வாலுக்கடியில் ஒரு ரூபாய் நாணயம் முட்டுக் கொடுத்து நிற்கிறது. 1963இல் படையில் சேர்ந்த அந்த விமான வகை 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றபோது, “உண்மையான மிக்கெல்லாம் ஓய்வு வாங்கிவிட்டது, இதுமட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது” என்று மறுபடியும் தொடங்கினார்கள்.

ஒட்டுதலும் பட்டி பார்த்தலும்

மாடல் சிமென்ட் என்று விற்கப்படும் திரவம் உண்மையில் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றோடொன்று கலக்கவைக்கிறது. வண்டிப் பட்டறையில் இருந்தவன் பாஷையில் சொன்னால் இது வெல்டிங். ஆகவே பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், திரவம் இடுக்கு வழியே தானாக ஓடிவிடும். விரல் அந்த இடுக்கின்மேல் இருந்தால் ரேகை பதிந்துவிடும். கைநாட்டு வைத்த விமானம் என்று பெயர் வாங்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். விமானியின் மேல் மூடுகிற கண்ணாடிக்கு மட்டும் இந்தச் சிமென்டும் கூடாது, சூப்பர் குளூவும் கூடாது. முதலாவது உருக்கும், இரண்டாவதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். அதற்குச் சாதாரண ஃபெவிகாலே நல்லது.

இணைப்பில் இடைவெளி இருந்தால் பட்டி பார்க்க வேண்டும். காருக்குப் பார்ப்பது போலத்தான்: கொஞ்சம் மிகையாக வைத்து, காய்ந்தபின் தண்ணீர் தொட்டு 400இல் தொடங்கி 1000 வரை தேய்ப்பது. கண்ணை நம்பாமல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் வண்ணத்துக்குப் பிறகு அது கோடாகத் தெரியும்.

வண்ணம்

டெல்டாவில் வண்ணம் தீட்டுகிறவர் பஞ்சாங்கம் பார்க்காவிட்டாலும் வானத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்ப்ரே டப்பாவைத் திறக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, வண்ணம் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துவிடும். தை அறுவடைக்குப் பிறகு பங்குனி வரை எங்களுக்குப் பொற்காலம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை நடவுக்குப் பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவதால் அந்த மாதம் திண்ணை எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

முதல் மாடலுக்குத் தூரிகையும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமும் போதும். வண்ணத்தைப் பாலின் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை தீட்டுங்கள். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் மாடலின் மேல் பொறித்திருக்கும் தகட்டுக் கோடுகள் நிரம்பி, மெழுகிய சாணித் தரை மாதிரி ஆகிவிடும். மன்னார்குடித் தம்பியின் நாட் சிவப்பு என்பதால் வேறொரு பிரச்சினை வந்தது. சிவப்பு வண்ணத்துக்கு மூடும் சக்தி குறைவு; சாம்பல் பிரைமரின், அதாவது அடிப்பூச்சின், மேல் தீட்டியதும் அது மங்கி, காய்ந்த மிளகாய் நிறத்துக்குப் போய்விட்டது. “ரெட் ஆரோஸா, ரேஷன் மிளகாயா?” என்று சுபேதார் கேட்க, சாப்பர்தான் எதிர்த் தெருக் கோயில் மதிலைக் காட்டினார்: வெள்ளை அடித்துவிட்டுத்தானே காவிப் பட்டை தீட்டுகிறார்கள்? மறுபடி தேய்த்து, வெள்ளை பிரைமர் கொடுத்து, அதன்மேல் தீட்டியபோது சிவப்பு எழுந்து நின்றது.

தகட்டு இடுக்குகளில் நிழல் காட்ட, கரும்பழுப்பு வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு, காய்வதற்குள் மேலே துடைத்துவிட வேண்டும். இரண்டாம் டிகாக்ஷன் பதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாக்ஷன் ஆகாது.

டெக்காலும் எண்களும்

தாளிலிருந்து நீரில் கழன்று வரும் மெல்லிய சின்னங்களே டெக்கால். மங்கலான, சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும்; ஆகவே அந்த இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் கொடுங்கள். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் நனைத்து, தாளிலிருந்து விரலால் இழுக்காமல் தூரிகையால் நகர்த்தி இறக்கி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். நம் விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெண்மை, உள்ளே பச்சை.

விமானத்தின் எண்ணை மட்டும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் ஓர் உண்மையான விமானம். அதை ஓட்டிய ஆள் இருப்பார், திரும்பாதவராகவும் இருக்கலாம். எந்த எண், எந்த நாள் என்று தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். எங்கள் கேலி நிற்கிற இடமும் இதுதான். கப்பற்படைக்காரர் கட்டிவைத்திருக்கும் சாம்பல் நிறப் போர்க்கப்பலைப் பார்த்து, முன்பு ஒருவர் “இது மூழ்குமா சார்?” என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அது குக்ரி. 1971 டிசம்பர் 9 இரவு தியூ கடற்கரைக்கு அப்பால் டார்பிடோ தாக்கி மூழ்கியது; 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள், கப்பலை விட்டு இறங்காத கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட. கப்பற்படைக்காரர் அதற்குப் பிறகு பல ஆண்டு கழித்துப் படையில் சேர்ந்தவர், அந்தக் கப்பலை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்று அவர் பதில் சொல்லவில்லை. தூரிகையைக் கழுவத் தொடங்கிவிட்டார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்பதும் இதே வகைதான். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

முடித்து வைத்தல்

கண்ணாடி, சக்கரம், ஆன்டெனா போன்ற ஒடியக்கூடியவற்றைக் கடைசியாகப் பொருத்துங்கள். வெயில் நேரே படாத, கதவுள்ள அலமாரியில் வையுங்கள். வெயிலில் வெள்ளை மஞ்சளாகும், திறந்த அலமாரியில் தூசு துடைக்கும்போதே பாதி பாகங்கள் போய்விடும். நவராத்திரியில் கொலுப்படியில் வைக்க வீட்டார் கேட்டால், கீழ்ப்படியைத் தவிர்த்துவிடுங்கள், குழந்தைகளின் கை எட்டும்.

மன்னார்குடித் தம்பி ஒன்பதாவது வாரம் நாட்டை முடித்துக் கொண்டுவந்தார். சிவப்பு பளிச்சென்று இருந்தது, மூக்கு தாழ்ந்து மூன்று சக்கரத்திலும் நின்றது. ஃபிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இறக்கையில் குறை இல்லை, இணைப்பில் நகம் தட்டவில்லை. கடைசியில் விமானி இருக்கைக்கு வந்தார். முன்னால் ஒரு பொம்மை இருந்தது, பின்னால் இல்லை. வெட்டும்போது தெறித்துத் திண்ணைக்குக் கீழே எங்கோ போயிருந்தது.

“என்ன தம்பி, பின்சீட்டு ஆளைக் காணோம்?”

“கேன்டீன் கான்ட்ராக்டர்தானே சார்? உங்களுக்குக் காபி வாங்கப் போயிருக்கார்.”

சாப்பர்தான் முதலில் சிரித்தார். ஃபிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.